ஆறாங்கிளாஸ் சோத்து டப்பா

2024 ஜூன் மாசம், ஸ்கூல் திறக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி என் கடைசித் தங்கச்சி போன் பண்ணினாள். வழக்கமா அவ போன்ல வந்தா ஒண்ணு சிலிண்டர் விலை, இல்லேன்னா வீட்டுக்காரர் மேல புகார். அன்னிக்கு வேற மேட்டர்.

“அண்ணா, பாப்பா ஆறாவது போறா. சத்துணவுக்குப் பேர் குடுக்கட்டுமா, டப்பா கட்டிக் குடுக்கட்டுமா? அவ சத்துணவே வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறா.”

இதென்ன பெரிய கேள்வி, ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். சொல்ல முடியல. “நாளைக்குப் பேசுறேன்மா”ன்னு வெச்சுட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. நாற்பது வருஷத்துக்கு முன்னாடி, இதே ஜூன் மாசம், நானும் ஆறாவது போன பையன். கொசுவர்த்திச் சுருள் தானா சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

அவ நிலைமையைக் கொஞ்சம் சொல்லிடறேன். ஆம்பூர் பக்கத்துல ஒரு ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறா. காலைல ஏழு மணிக்கு கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வந்துடும். பஸ்ஸை விட்டா அன்னிக்கு சம்பளம் போச்சு. நாலரைக்கு எழுந்து, தண்ணி புடிச்சு, உலை வெச்சு, தலை சீவி, ஓடணும். 2023 ஆகஸ்ட் 25-ம் தேதி காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவு பண்ணாங்க இல்லையா, அப்போ எங்க ஊர் ஸ்கூலுக்கும் வந்துச்சு. பாப்பா அப்போ அஞ்சாவது. காலைல உப்புமா, கிச்சடி, பொங்கல்னு ஸ்கூல்லயே ஆயிடும். மதியம் சத்துணவு. “ஒரு வருஷம் நிம்மதியா பஸ் ஏறினேண்ணா”ன்னு தங்கச்சி பல தடவை சொல்லியிருக்கா.

ஆனா அந்தக் காலைச் சாப்பாடு ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும்தான். ஆறாவது போனா கிடையாது. ஜூன்ல பிள்ளைக்கு யூனிபார்ம் மாறுது, ஸ்கூல் மாறுது, தூரம் கூடுது. அதே நாள்ல காலைச் சோறும் நிக்குது. மதியச் சோறு இருக்கு, ஆனா அதைப் பிள்ளை வேணாங்குது.

நிற்க. இந்த ‘அஞ்சாவதோட சரி’ங்கிற கோடு இன்னிக்கு நேத்து போட்டது இல்லை. நூறு வருஷத்துக் கதை அது. எங்க குடும்பத்துல மூணு தலைமுறை அந்தக் கோட்டுல தடுக்கி விழுந்திருக்கு. அதைத்தான் இங்கே எழுதப் போறேன்.

ஓரணா டிபன்

தமிழ்நாட்டுல பள்ளிக்கூடத்துச் சாப்பாடுன்னா காமராஜர், அதை விட்டா எம்.ஜி.ஆர். அப்படித்தான் நம்மில் பல பேர் நினைச்சுட்டு இருக்கோம். அதுக்கு முன்னாடியே ஒருத்தர் ஆரம்பிச்சார். தி.நகருக்குத் தன் பேரைக் கொடுத்த பிட்டி தியாகராயர். நீதிக்கட்சித் தலைவர், சென்னை மாநகராட்சியின் தலைவர். 1920 செப்டம்பர் 16-ம் தேதி மாநகராட்சி மன்றத்துல ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் தரலாம், தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு போகக்கூடாது. அவ்வளவுதான் தீர்மானம். வீட்டுல சோறு இல்லாத பிள்ளை ஸ்கூலுக்கு வராதுன்னு புரிஞ்சுகிட்டவங்க எடுத்த முடிவு. அப்புறம் இன்னும் சில பள்ளிகளுக்கும் விரிவாச்சு.

1925-ல் வெள்ளைக்கார அரசாங்கம் கை வெச்சது. ஆரம்பக் கல்விக்குன்னு இருக்கிற நிதியைச் சோத்துக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. டிபன் நின்னது. படிப்புக்குக் காசு வேற, வயித்துக்குக் காசு வேறன்னு கணக்குப் பிள்ளை எழுதின நோட்டு அது. ரெண்டு வருஷம் கழிச்சு ஓரளவுக்கு மறுபடி ஆரம்பிச்சாங்க. ஆனா இதெல்லாம் பட்டணத்துக் கதை. பாலாத்தங்கரை வரைக்கும் அந்த ஓரணா வந்து சேரல.

அப்பா விட்ட வருஷம்

எங்க அப்பா பிறந்தது ஆம்பூருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர்ல. அன்னிக்கு அது வட ஆற்காடு மாவட்டம், தலைநகர் வேலூர். (பின்னாடி வேலூர் மாவட்டம் ஆச்சு. 2019 நவம்பர்ல அதையும் மூணாப் பிரிச்சு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு.) ஊர்ல அஞ்சாவது வரைக்கும் ஸ்கூல். ஆறாவதுக்கு ஆம்பூர் போகணும். அப்பா அஞ்சாவது முடிச்சது 1956 வாக்குல. ஆறாவதுக்கு ஆம்பூர் போனார். ஆனா ஸ்கூலுக்கு இல்லை, டேனரிக்கு.

தோல் தொழில் தெரியாதவங்களுக்காக: அந்தக் காலத்துல இங்கே ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பாதி பதம் பண்ணி, மெட்ராஸ் துறைமுகம் வழியா சீமைக்கு அனுப்புவாங்க. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு பாலாறு ஓடுற பக்கமெல்லாம் டேனரிதான். பதினொரு வயசுப் பையனுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கும். தோல் காயப்போட, திருப்பிப்போட, மடிக்க. மதியம் முதலாளி கொடுக்கிற காசுல டீயும் பன்னும்.

காமராஜர் 1954-ல் முதலமைச்சர் ஆனார். அவருக்கு வலது கையா பொதுக்கல்வி இயக்குநரா இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. மாடு மேய்க்கிற பையன்கிட்ட ‘ஏன் ஸ்கூலுக்குப் போகல’ன்னு காமராஜர் கேட்டதும், ‘சோறு நீ போடுவியா’ன்னு அவன் திருப்பிக் கேட்டதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. சுந்தரவடிவேலு மாதிரி அதிகாரிகள் ஊர் ஊராப் போய், ஊர்க்காரங்க கிட்டேயே அரிசியும் பருப்பும் வாங்கி, முதல்ல தானமாத்தான் நடத்தினாங்க. 1957 நவம்பர் 1 முதல் அரசு பணம் கொடுக்க ஆரம்பிச்சது. செலவுல 60 சதவீதம் அரசு, 40 சதவீதம் ஊர். 1961-லேர்ந்து ‘கேர்’ங்கிற அமெரிக்க அமைப்பு பால் பவுடரும் சோள மாவும் எண்ணெயும் அனுப்பினாங்க. இன்னிக்கு அறுபது வயசு தாண்டினவங்க கிட்ட கேட்டுப் பாருங்க, அந்த மஞ்சள் உப்புமா வாசனையை இன்னும் சொல்லுவாங்க.

அப்பா ஸ்கூலை விட்டு ஒரு வருஷம் கழிச்சுத்தான் ஊர் ஸ்கூல்ல அடுப்பு எரிஞ்சது. அதுவும் ஆரம்பப் பள்ளிக்கூடம், அதுலயும் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும். எந்தப் பிள்ளை ஏழைன்னு வாத்தியார் பொறுக்கி எடுக்கணும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வருது.

“ஆறாவதுல சோறு போட்டிருந்தா நான் டேனரிக்குப் போயிருக்க மாட்டேன்டா”ன்னு அப்பா சொல்லுவார். கோபமா இல்லை, சும்மா, பீடியைப் பத்த வெச்சுகிட்டே. சோறு போட்டிருந்தாலும் போயிருப்பாரோ என்னமோ. ஆனா அந்தக் கணக்கை அவர் சாகிற வரைக்கும் விடல.

வாத்தியார் போட்ட சோறு

1982 ஜூலை 1. எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில தொடங்கி வெச்சார். முதல்ல கிராமத்துப் பிள்ளைகள்: ரெண்டு வயசுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் பாலவாடியில, அதுக்கு மேல ஒன்பது வயசு வரைக்கும் ஆரம்பப் பள்ளியில. அதே வருஷம் செப்டம்பர்ல நகரங்களுக்கும் வந்தது. அரைக் கோடிக்கும் மேல பிள்ளைகள். கஜானா காலியாயிடும், ஓட்டுக்காகப் பண்றார்னு பேசாதவங்க கிடையாது. பேசினவங்க பேசினாங்க, நாங்க சாப்பிட்டோம்.

காமராஜர் திட்டத்துக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இதுல ஏழைன்னு பொறுக்கி எடுக்கிற வேலை இல்லை. வேணுங்கிற பிள்ளை உட்கார்ந்து சாப்பிடலாம். ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையல்காரம்மா, ஆயான்னு ஆளுங்க. விதவைகள், ஆதரவு இல்லாத பெண்களுக்கு அந்த வேலையில முன்னுரிமை. எங்க ஊர் சமையல்காரம்மாவும் புருஷனை இழந்தவங்கதான். அந்தச் சம்பளம்தான் அவங்க வீட்டு அடுப்பையும் எரிய வெச்சது.

நான் அப்போ நாலாவது. வீட்டுல கேழ்வரகுக் களியும் கூழும்தான் வழக்கம். நெல்லுச் சோறு தீபாவளி, பொங்கல், விருந்தாளி வந்தா. அப்பா டேனரியில, அம்மா வீட்டுல பீடி சுத்துவாங்க. தினமும் மதியம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, அதுல சாம்பார். எனக்கு அது சத்துணவு இல்லை, கல்யாண விருந்து. நாலாவது, அஞ்சாவது ரெண்டு வருஷமும் நான் ஒரு நாள் லீவு போட்டதில்லை. படிப்பு மேல அவ்வளவு ஆசைன்னு வாத்தியார் நினைச்சுகிட்டார். ஹி ஹி.

1984 ஜூன் மாசம் ஆறாவது போனேன். ஆம்பூர்ல ஒரு பெரிய ஸ்கூல். இந்த ஊர்ப் பக்கம் உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் தோல் வியாபாரிகளோட தர்மத்தாலயும் மிஷன்காரங்களாலயும் வந்தவை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-லேயே வந்துடுச்சு. ஆம்பூர்ல மஸ்ஹருல் உலூம், லுத்தரன் மிஷனோட கன்கார்டியா, ஹிந்து ஸ்கூல்னு ஊர் சைஸுக்கு மீறின பள்ளிக்கூடங்கள். நான் எதுல படிச்சேன்னு சொல்லப் போறதில்லை. சொல்லப் போற விஷயம் அப்படி.

மதியம் மணி அடிச்சதும் கூட்டம் நாலாப் பிரிஞ்சது. வீடு பக்கத்துல இருக்கிறவன் வீட்டுக்கு ஓடுவான். காசு வெச்சிருக்கிறவன் கேட்டுக்கு வெளியே கடைக்கு. எவர்சில்வர் டப்பா வெச்சிருக்கிறவங்க புங்க மரத்தடியில வட்டமா. எதுவும் இல்லாதவன் குழாயடிக்கு. சத்துணவு? அது அஞ்சாவதோட சரி.

அம்மா எனக்கு ஒரு பழைய அலுமினிய டப்பாவுல களியை அமுக்கி, மேல கீரைக் கடைசல் ஊத்திக் கொடுத்திருந்தாங்க. முதல் நாள் புங்க மரத்தடியில வட்டத்துல உட்கார்ந்தேன். எல்லா டப்பாவும் திறந்தது. எலுமிச்சம்பழச் சாதம், தயிர் சாதம், ஒரு பாய் வீட்டுப் பையன்கிட்ட குஸ்கா. என் டப்பா மூடியைப் பாதி திறந்தேன். பக்கத்துல இருந்தவன் எட்டிப் பார்த்து, “இன்னாடா இது, தோலு மாதிரி கீது?”ன்னான். எங்க அப்பா டேனரியில வேலை செய்யறது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சு சொல்லியிருந்தாக் கூட பரவாயில்லைன்னு இப்போ தோணுது. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மூடிட்டு, ‘பசிக்கல’ன்னு எழுந்துட்டேன்.

அடுத்த நாள்லேர்ந்து ஸ்கூல் பின்பக்கச் சுவர் ஓரம் தனியாப் போய் நின்னுகிட்டே சாப்பிட்டேன். ஒரு வாரம் கழிச்சு அதுவும் இல்லை. டப்பாவை வீட்டுலயே மறந்து வெச்ச மாதிரி வெச்சுட்டுப் போனேன். குழாய்த் தண்ணி. சாயங்காலம் நாலு கிலோமீட்டர் நடந்து வந்து, அம்மா பாத்திரம் கழுவுறதுக்குள்ள அந்தக் களியை நின்னுகிட்டே முழுங்குவேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசம். கணக்குல 12 மார்க் வாங்கினேன். அம்மா ஒரு நாள் டப்பாவைக் கையில வெச்சுகிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஒண்ணும் கேக்கல. மறுநாள் டப்பாவுல அரிசிச் சோறு இருந்தது. அந்த வாரம் வீட்டுல வேற யாரும் அரிசிச் சோறு சாப்பிடலைன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

எழுந்து நின்ன பையன்

1984 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்னிக்கு முதல் சத்துணவு 10 வயசுலேர்ந்து 15 வயசு வரைக்கும், அதாவது பத்தாவது வரைக்கும் விரிவாச்சு. அதுக்கு மூணு வாரத்துல, அக்டோபர் 5-ம் தேதி, எம்.ஜி.ஆர் உடம்பு முடியாம அப்பல்லோவுல சேர்ந்தார். அதனால எங்க வயசுக்காரங்களுக்கு அந்தத் தேதிகள் மறக்காது.

எங்க கிளாஸ் வாத்தியார் வருகைப் பதிவேட்டை மூடி வெச்சுட்டு, “சத்துணவு வேணும்ங்கிறவன் எழுந்து நில்லு”ன்னார். நாற்பத்து சொச்சம் பசங்க. ஒருத்தன் எழுந்திருக்கல. நான் உட்பட. மூணு மாசமா குழாய்த் தண்ணி குடிச்ச நான், பெஞ்சைக் கெட்டியாப் புடிச்சுகிட்டு உட்கார்ந்திருந்தேன். திட்டத்துல ஏழைன்னு பொறுக்கி எடுக்கிற வேலை இல்லைன்னு மேல சொன்னேனே? கோட்டையில இல்லை. கிளாஸ்ல இருந்தது. எழுந்து நிக்கிறதே பொறுக்கி எடுக்கிறதுதானே.

வாத்தியார் பேனாவை மூடப் போனார். அப்போ கடைசி பெஞ்சுல ஒருத்தன் எழுந்தான். கம்பெனி கணக்கர் மகன், டவுன்காரன், தினமும் டப்பா கொண்டு வர்றவன். எதுக்கு எழுந்தான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. சாம்பார் ஆசையோ, விளையாட்டோ. வாத்தியாரே முழிச்சார். அவன் எழுந்ததும் பக்கத்துல ஒருத்தன், முன்னாடி ரெண்டு பேர், அப்புறம் நான். மொத்தம் பதினாலு பேர். அந்தப் பையன் ஒரு மாசம் கூட சாப்பிடல, மறுபடி டப்பாவுக்குப் போயிட்டான். நான் பத்தாவது வரைக்கும் சாப்பிட்டேன்.

நான் 1989 மார்ச்-ஏப்ரல்ல பத்தாவது பரீட்சை எழுதி வெளியே வந்தேன். ஜூன் 3, கலைஞர் பிறந்த நாள்லேர்ந்து சத்துணவுல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சாங்க. அப்பாவுக்கு ஒரு வருஷத்துல சோறு தப்பிச்சது, எனக்கு ரெண்டு மாசத்துல முட்டை தப்பிச்சது. எங்க குடும்ப ராசி அப்படி!

கோடு எங்கேயும் உண்டு

இந்தக் கோடு நம்ம ஊர்ச் சொத்து மட்டும்னு நினைக்காதீங்க. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பிச்ச திட்டம் ஆரம்பப் பள்ளிக்குத்தான். பல மாநிலங்கள்ல வெறும் அரிசியைக் கட்டிக் கொடுத்துட்டு இருந்தாங்க. 2001 நவம்பர் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் ‘சமைச்சுப் போடு’ன்னு உத்தரவு போட்டது. அதுவும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். ஆறு முதல் எட்டு வரைக்கும் நாடு முழுக்க வர 2008 ஆச்சு. நமக்கு 1984-லேயே வந்துட்டதுங்கிறதை நினைச்சா, வாத்தியாருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சீமையில பாருங்க. இங்கிலாந்துல உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டு இருந்த இலவசப் பாலை 1968-ல் வில்சன் அரசு நிறுத்தியது. மூணு வருஷம் கழிச்சு ஏழு வயசுக்கு மேற்பட்டவங்களுக்கும் நிறுத்தினவர் அப்போ கல்வி அமைச்சரா இருந்த தாட்சர். கெட்ட பேரு முழுக்க அந்தம்மாவுக்கு. 2023 செப்டம்பர்லேர்ந்து லண்டன் மேயர் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதியச் சாப்பாடு கொடுத்தார். அங்கேயும் ஆரம்பப் பள்ளியோட கோடு. ஜப்பான்காரன் மட்டும் வேற மாதிரி. 1954-ல் பள்ளிச் சாப்பாட்டுச் சட்டம், ரெண்டே வருஷத்துல நடுநிலைப் பள்ளிக்கும் நீட்டிட்டான். அங்கே கிளாஸ்லயே பசங்க ஒருத்தருக்கொருத்தர் பரிமாறி, எல்லாரும் ஒரே சாப்பாடு. எழுந்து நில்லுன்னு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சின்னப் பிள்ளைன்னா எல்லாருக்கும் இரக்கம் வருது. மீசை அரும்பப் போற பையனைப் பார்த்தா ‘பெரியவனாயிட்டான், பார்த்துப்பான்’னு தோணுது. ஆனா பசி அப்படியா? மத்திய அரசு மதிய உணவு விதியையே எடுத்துக்குங்க. அஞ்சாவது வரைக்கும் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 450 கலோரி. ஆறாவது ஏறினதும் 150 கிராம், 700 கலோரி. ஒரு ஜூன் மாசத்துல பசி ஒண்ணரை மடங்கு ஆகுதுன்னு அரசாங்கமே எழுதி வெச்சிருக்கு. அதே ஜூன்லதான் கூச்சமும் ஒண்ணரை மடங்கு ஆகுது. அதை எந்த விதியிலயும் எழுதல.

இந்தத் தோல் சீமையில இன்னொண்ணும் சேர்ந்துக்குது. 1970-கள்ல பாதி பதம் பண்ண தோலை ஏற்றுமதி பண்றதுக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. தோலா அனுப்பாதே, பொருளாப் பண்ணி அனுப்புன்னு கொள்கை. அப்புறம்தான் ஷூ கம்பெனிகள் பெருகுச்சு. டேனரி ஆம்பளைங்க வேலை, ஷூ தையல் பொம்பளைங்க வேலைன்னு ஆச்சு. எங்க அம்மா வீட்டுல உட்கார்ந்து பீடி சுத்தினாங்க, களியாவது சூடா இருந்தது. என் தங்கச்சி ஏழு மணிக்குப் பஸ்ல இருக்கா. அவ கட்டுற டப்பாவை அஞ்சரைக்குக் கட்டணும், பாப்பா அதைத் திறக்கும்போது மணி பன்னெண்டரை தாண்டிடும். கோடை வெயில்ல அந்தச் சோறு என்ன கதியில இருக்கும்னு நீங்களே யோசிங்க. கடையில வாங்கித் தின்னுன்னு பத்து இருபது ரூபா கொடுத்தா, பாக்கெட் சிப்ஸும் கலர்த் தண்ணியும். ஆம்பூர்ல பிரியாணி வாசனை தெருவுக்குத் தெரு வரும், ஆனா பத்து ரூபாய்க்கு வாசனை மட்டும்தான் வரும்.

மறுநாள் போன்

மறுநாள் தங்கச்சிக்குப் போன் பண்ணி, “பாப்பாகிட்ட குடு”ன்னேன்.

“ஏம்மா சத்துணவு வேணாங்கிற? நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் மாமா இருக்கும். புது ஸ்கூல்ல எல்லாரும் டப்பா எடுத்துட்டு வருவாங்க. நான் மட்டும் தட்டைத் தூக்கிட்டுப் போனா...” மேல சொல்லல.

நாற்பது வருஷம். களி சோறா மாறி, சோறு கலவைச் சாதமா மாறி, முட்டை ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுலேர்ந்து 2010-ல் வாரத்துக்கு அஞ்சா ஏறி, 2013-ல் சோதனையா ஆரம்பிச்சு தக்காளி மசாலா முட்டை, மிளகு முட்டை, வெஜிடபிள் பிரியாணி எல்லாம் வந்தாச்சு. (ஆம்பூர்ப் பிள்ளைகிட்ட போய் வெஜிடபிளைப் பிரியாணின்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும், அது வேற விஷயம்.) மெனு மாறிடுச்சு. தட்டைத் தூக்கிட்டுத் தனியா நடக்கிற அந்த இருபது அடி தூரம் மட்டும் மாறல.

அறிவுரை சொல்ல வாய் வந்தது. ‘எங்க காலத்துல’ன்னு ஆரம்பிக்கத் தெரிஞ்சேன். அடக்கிட்டேன். களி டப்பா கதையை மட்டும் சொன்னேன். அந்தக் கணக்கர் பையன் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அந்த அண்ணன் ஏன் மாமா எழுந்தாரு?”ன்னா. தெரியாதும்மான்னேன்.

கடைசியில தீர்வு தங்கச்சி மூளையிலதான் உதிச்சது. டப்பா கட்டுவா, ஆனா அது மதியத்துக்கு இல்லை, காலைக்கு. ரெண்டு இட்லியோ எலுமிச்சம்பழச் சாதமோ. பாப்பா ஸ்கூலுக்குப் போய், பிரேயருக்கு முன்னாடி தோழிகளோட உட்கார்ந்து தின்னுடணும். மதியம் சூடா சத்துணவு, முட்டையோட. பாப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டா: பழைய ஸ்கூல்லேர்ந்து கூட வர்ற ரெண்டு பிள்ளைகளும் பேர் கொடுத்தா நானும் கொடுக்கிறேன். தங்கச்சி அந்த ரெண்டு வீட்டுக்கும் ராத்திரியே நடந்தா. அதுல ஒரு அம்மா இவளோட அதே கம்பெனி, அதே பஸ்.

மூணு பேரும் பேர் கொடுத்தாங்க. பாப்பா பொய் சொல்லலைன்னா, இப்போ ஏழெட்டுப் பேர் சேர்ந்து தட்டைத் தூக்கிட்டு நடக்கிறாங்களாம்.

ஆனா ஒரு கணக்கு எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. மதியச் சத்துணவு 1982 ஜூலை 1-ல் ஆரம்பிச்சு, அஞ்சாவது வகுப்புக் கோட்டைத் தாண்ட ரெண்டு வருஷம் ரெண்டரை மாசம் ஆச்சு. காலை உணவு 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில ஆரம்பிச்சது. அதுவும் அண்ணா பிறந்த நாள்தான். அப்புறம் 2023, 2024, 2025-னு ஒவ்வொரு வருஷமும் விரிஞ்சது: அரசுப் பள்ளி முழுக்க, கிராமத்து உதவி பெறும் பள்ளி, நகரத்து உதவி பெறும் பள்ளின்னு. நல்ல காரியம், வாயாரச் சொல்றேன். ஆனா 2025 ஆகஸ்ட் விரிவாக்கம் வரைக்கும் எல்லாமே பக்கவாட்டுல விரிஞ்சதுதான். மேல ஏறல. கோடு அஞ்சாவதுலயே நின்னது. அந்த ரெண்டு வருஷம் ரெண்டரை மாசக் கணக்கு எப்பவோ தாண்டிடுச்சு.

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க அப்பா ஒரு பீடியோட நிக்கிறார். நான் ஒரு களி டப்பாவோட நிக்கிறேன். பாப்பா ரெண்டு இட்லியோட ஓடிட்டு இருக்கா. அவ மகளாவது காலைல கையை வீசிட்டு ஸ்கூலுக்குப் போகட்டும்.

உங்க வீட்டுல யாராவது இந்த ஜூன்ல ஆறாவது போறாங்கன்னா, டப்பாவுல என்ன வைக்கணும்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, யாரோட உட்கார்ந்து திங்கப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.